தனலட்சுமியின் ஐந்து நாடுகள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கார்த்தியின் போன் வந்தது. "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றான். "எங்கே?" என்று கேட்டேன். தனலட்சுமி எங்காவது போய்க்கொண்டிருப்பது எனக்கு அவ்வளவு பழகியிருந்தது. அவன் அழுத பிறகுதான் புரிந்தது. விடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

நீலகிரியில், வெலிங்டன் ராணுவ முகாமில் எங்கள் ஸ்டோர்ஸ் பிரிவில் பதினாறு வருடம் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவர் அவர். கணவர் இறந்தபின் அந்த வேலைக்கு வந்தவர். இன்று அவரை நினைவுகூர வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் 'சைக்கிள் அம்மா'. மகன் கார்த்தி திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது ஒரு கியர் சைக்கிளை வீட்டில் விட்டுச் சென்றான். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். இவர் சைக்கிளை எடுத்தார். முதலில் சிம்ஸ் பூங்கா வரை போனார். பிறகு ஊட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்டியையும் தாண்டிக் கிளென்மார்கன் வரை போய் அன்றே திரும்பினார். மறுநாள் ஒரு வலி மாத்திரை அட்டையோடு வேலைக்கு வந்து, எதுவும் நடக்காததுபோல் பேரேட்டைத் திறந்தார்.

இரண்டாண்டுகளுக்கு முன் மதிய உணவு இடைவேளையில் ஒரு வரைபடத்தை மேஜையில் விரித்தார். ஹனோயில் தொடங்கி லாவோஸ், தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூரில் முடிகிற ஒரு சிவப்புக் கோடு. "தனியாத்தானுங்க சார். எழுபது நாள். லீவு சேர்த்து வச்சிருக்கறேன்" என்றார். அவருக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு.

எங்கள் வேலையில் வெளிநாடு போக அலுவலக அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பம் என் வழியாகத்தான் மேலே போக வேண்டும். நான் அதை அனுப்பவில்லை. டிராயரில் வைத்துக்கொண்டு, திருப்பூருக்குப் போன் செய்து கார்த்தியிடம் சொல்லிவிட்டேன். அவருடைய நன்மைக்காக என்று அன்று நினைத்துக்கொண்டேன். கார்த்தி அந்த வாரக் கடைசியிலேயே வந்தான். சாப்பிடாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். தனலட்சுமி பயணத்தைக் கைவிட்டார்.

திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தார். கோபம் தெரியவில்லை. "தடுக்கறதுன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமுங்களே சார்" என்றார். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஏப்ரலில் ஒரு முழு நீள வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். "எனக்காக நீங்க பயப்படறது என்னென்னவோ, எல்லாத்தையும் இதுல எழுதிக் குடுங்க. கார்த்திகிட்டயும் ஒண்ணு கேட்டிருக்கறேன்."

ஒரு வாரம் யோசித்து இருபத்து மூன்று எழுதினேன். நாய் துரத்தினால், காய்ச்சல் வந்தால், பாஷை புரியாவிட்டால், கடையே இல்லாத இடத்தில் பஞ்சர் ஆனால். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். நாய்க்கு, சைக்கிளிலிருந்து இறங்கி அதை நடுவில் வைத்துக்கொண்டு நடக்கப் பழகினார். பாஷைக்கு, நான்கு மொழிகளில் சிறு அட்டைகள். ஞாயிறுதோறும் மேட்டுப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடையில் போய் வேலை கற்றார். ஒருநாள் அலுவலக வராந்தாவில் பின் சக்கரத்தைக் கழற்றி, டியூப்பை ஒட்டி, மாட்டிக் காட்டினார். என் கடிகாரத்தில் பதினெட்டு நிமிடம். கையெல்லாம் கறுப்பு. "பட்டியல்ல அந்தப் பஞ்சரை அடிச்சிருங்க சார்" என்றார். அடித்தேன்.

கடைசியில் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முக்கியமானதை எழுதவே இல்லீங்களே. பொம்பளைன்னு?"

எழுதக் கூச்சமாக இருந்தது என்றேன்.

"எழுதியிருந்தா பதில் சொல்லியிருப்பனுங்க. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்கறப்ப என்ன பண்றனோ, அதையேதான் அங்கயும் பண்ணுவேன். முப்பது வருசமா பழகினதுதானுங்களே."

இம்முறை அவர் விண்ணப்பம் என்னிடம் வந்த அன்றே மேலே போனது. கார்த்தியும் தன் பட்டியலில் கடைசி வரியை அடித்துவிட்டு, கோவை விமான நிலையத்தில் சைக்கிள் பெட்டியைத் தானே தூக்கிக் கொடுத்தான்.

இந்த வருடம் ஜனவரியில் புறப்பட்டார். தினமும் மாலையில் ஊர்ப் பெயர் மட்டும் ஒரு செய்தியாக வரும். நான் வரைபடத்தில் தேடிப் பார்ப்பேன். லாவோஸ் மலையிலிருந்து ஒருமுறை பேசினார். மழைக்கு ஒதுங்கிய வீட்டில் சோறு போட்டு, படுக்கப் பாயும் கொடுத்தார்களாம். "இங்கயும் மலை, இங்கயும் குளிர்தானுங்க சார். ஆனா இன்னாரு சம்சாரம், இன்னாரு அம்மான்னு என்னை யாருக்கும் தெரியாது. அது நல்லாத்தான் இருக்குது."

மார்ச்சில், தென் தாய்லாந்தில், நனைந்த சாலையில் சறுக்கி விழுந்தார். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. மலேசிய எல்லைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. கார்த்தி போய் அழைத்து வந்தான். கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தவரிடம், "பாதியில வந்துட்டீங்களே" என்று ஒருவர் அனுதாபப்பட்டார். "போன வரைக்கும் முழுசாத்தானுங்க போனேன்" என்றார்.

எலும்பு கூடியதும் மிச்சத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்தார். விழுந்த இடத்திலிருந்தே தொடங்குவது என்பதில் பிடிவாதம். வரும் ஜனவரிக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. "இந்தத் தடவை பட்டியல் வேண்டாமுங்களா சார்?" என்று சிரித்தார். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

அவரைத் தகனம் செய்து திரும்பிய பிறகு, காலியான வீட்டில் கார்த்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அங்கிள், அம்மா நினைச்ச அந்த முதல் வருசமே கிளம்பியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வருடமே போயிருந்தால், விழுந்திருந்தாலும், மிச்சத்தை இந்த வருட ஜனவரியிலேயே முடித்திருப்பார். சிங்கப்பூரைப் பார்த்திருப்பார். தடுத்தவர்கள் நாங்கள் இருவரும்தான்.

கை கட்டோடும் கட்டு அவிழ்ந்த பிறகும், எட்டு மாதம் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். 'நீங்கள் அன்று அனுப்பியிருந்தால்' என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்புக் கேட்பது என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை. நானாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவருடைய துணிச்சலை நினைவில் வைத்திருப்பதாகப் பலரும் சொல்கிறீர்கள். என்னிடம் இருப்பவை வேறு. நான் எடுத்துக்கொண்ட அவருடைய ஒரு வருடம். அதைப் பற்றி அவர் பேசாமல் விட்ட பெருந்தன்மை. இரண்டையும் என்னால் யாரிடமும் திருப்பிக் கொடுக்க முடியாது.