மஞ்சள் நீரில் குளித்த மண்டை ஓடு

நான் போய்ச் சேர்ந்தபோது மண்டை ஓடு குளித்து முடித்து, திருநீறு பூசிக்கொண்டு, வாழையிலையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் உடைத்த தேங்காய். வயதுக்கு வந்த பெண்ணுக்குக்கூட அவ்வளவு மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள்.

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, கோழிப்பண்ணை போடுவதற்காக ஒரு மேட்டைச் சமப்படுத்தியபோது ஜேசிபியில் முதுமக்கள் தாழி ஒன்று மாட்டியிருந்தது. உள்ளே ஓர் ஆள். செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆனவருக்கு என்ன நோய் இருந்தது என்று கண்டுபிடிக்கிற வேலை என்னுடையது. ஒருகாலத்தில் ரத்தம் ஓடிய பல்லுக்குள் கிருமியின் டிஎன்ஏ கொஞ்சம் மிஞ்சியிருந்தால் அதைப் படித்துச் சொல்லிவிடலாம். ஆனால் நம் எச்சிலோ வியர்வையோ பட்டால் போச்சு. ஆய்வகத்தில் தலையிலிருந்து கால் வரை உறை மாட்டிக்கொண்டு, பேய் மாதிரிதான் எலும்பின் பக்கத்தில் போவோம். அதனால்தான் போனில் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன், யாரும் தொடக் கூடாது என்று.

“என்னக்கா இது? தொட வேண்டாம்னு சொன்னேனே?”

“தொடலீங்க அம்மிணி, குளிப்பாட்டத்தான் செஞ்சோம்” என்றார் பண்ணைக்காரி அக்கா. கணவர் இறந்த பிறகு நிலத்தையும் கோழியையும் தனியாளாகக் கட்டி மேய்ப்பவர். “எங்க முப்பாட்டனாருங்க. அப்படியே மண்ணோட உட்டர முடியுமுங்களா? ஊர்சனம் பூரா ஆளுக்கொரு சொம்பு ஊத்துச்சு.”

ஊர்சனம் பூரா! தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பல்லில் திருநீறு ஏறியிருக்கிறதே என்று நான் முனகியதுதான் தாமதம், “இருங்க, ஊதி உடறேன்” என்று அக்கா தாடையை முகத்துக்கு நேராகத் தூக்கி, பூ பூ என்று ஊதினார். கூடவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீளமாய் ஓர் இருமல்.

“கோழித் தூசி அம்மிணி. ஆவணியில மகளுக்குக் கல்யாணம். அது நல்லபடியா முடியட்டும்னுதான் இவருக்குத் தேங்கா ஒடச்சேன்.”

வந்ததற்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். மேலே என்னென்ன அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தாடையைப் பஞ்சால் துடைத்து அதையும் எடுத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. பல்லுக்குள் எந்த நோயும் இல்லை. மனிதர் சுத்தம். துடைத்த பஞ்சில்தான் காசநோய்க் கிருமி. எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை எழுதலாம், வெளிநாடு போகலாம் என்று அரை மணி நேரம் ஆகாயத்தில் பறந்தேன். பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பழைய டிஎன்ஏ, நைந்த வேட்டிக் கரை மாதிரி ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும். இது தறியிலிருந்து இப்போதுதான் இறக்கியதுபோல இருந்தது. இந்தக் கிருமி செத்தவருடையது இல்லை. உயிரோடு இருக்கிற யாரோ தாடைமேல் இருமியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. அந்த இருமல்தான் என் காதிலேயே இருந்ததே. பயந்துபோய் மறுநாளே பஸ் ஏறினேன். தீவன மூட்டைகள் அடுக்கிய அறையில் வைத்து அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“சாயங்காலமானா காச்சலடிக்குதுங்க. ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சு. எனக்குத் தெரியாதுங்களா?”

“அப்புறம் ஏன்க்கா ஆஸ்பத்திரிக்குப் போகலை?”

“போனா நாளைக்கே மாப்ள ஊட்டுக்குச் சேதி போயிரும். ஆத்தாளுக்கு டிபி, பொண்ணுக்கும் இருக்கும்னு தட்டிக் கழிச்சிருவாங்க. ஆவணி முடியட்டும் அம்மிணி.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஆவணி வரைக்கும் நீங்க இருக்க வேண்டாமா? அந்தப் பொண்ணு உங்க பக்கத்துலதானே படுக்குது?” என்று கத்தினேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாரே ஒழிய, வருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

வெளியே வந்தால் வாசலில் கூட்டம். “ஏனுங்க, எங்க முப்பாட்டனாரு எதுல செத்தாருங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“டிபி” என்றேன்.

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு விடுவானேன்? “மஞ்சத்தண்ணி ஊத்துனவங்க, தொட்டவங்க, ஊட்டுல இருக்கறவங்க எல்லாரும் நாளைக்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில போய்ச் சளி குடுத்துருங்க. பழைய கிருமி, பொல்லாதது!”

பச்சைப் பொய். அவருக்கு டிபியே இருந்திருந்தாலும், இத்தனை காலம் கழித்து அந்த எலும்பிலிருந்து ஓர் ஈக்குக்கூட ஒட்டாது. என் துறைத் தலைவர் கேட்டிருந்தால் வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் திருவிழாக் கூட்டம். தொடாதவர்களும் வந்திருந்தார்கள். காறிக் காறித் துப்பிக்கொண்டே, “செத்தும் நம்மள உடலியே இந்த ஆளு!” என்று முப்பாட்டனாரைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த வரிசைக்கு நடுவில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவும் நின்றார். நர்ஸிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு டப்பாக்களை அடுக்கினார்.

மகளுக்கு ஒன்றுமில்லை. அக்காவுக்கு மட்டும் மாத்திரை ஆரம்பித்தார்கள். சேதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகத்தான் செய்தது. ஆனால் எப்படிப் போனது தெரியுமா? முப்பாட்டனாரைக் கும்பிடப் போய் அக்கா நோயை வாங்கிக்கொண்டாராம். மாப்பிள்ளையின் அம்மா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆவணியில் கல்யாணம். இருமல் நின்று, கொஞ்சம் சதை போட்டு, பட்டுச்சேலையில் அக்கா ஓடிக்கொண்டிருந்தார். நான் ஊருக்கே காது குத்திய பெருமையில் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். கழுத்தெலும்பு துருத்திய உடம்பு. குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் முந்தானைக்குள் இருமினார். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

“எங்க காட்டுலயும் அந்த மாதிரி எலும்பு ஒண்ணு கெடைக்குமுங்களா அம்மிணி? எனக்கும் கட்டிக் குடுக்கற வயசுல பொண்ணு இருக்குதுங்க.”