அம்மா துடுப்புப் போட்ட ராகுகாலம்

என் அப்பாவுக்குச் சாமியும் கிடையாது, சகுனமும் கிடையாது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அவர், தன் கல்யாணத்தையே வேண்டுமென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தில் வைத்துக்கொண்டவர். ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, தம்பி தாலி கட்டி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாளாம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மருந்தெல்லாம் முடிந்து, உதிர்ந்த முடி முளைத்து, இனிமேல் செக்கப்புக்கு வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் வீட்டில் யாரும் பழையபடி மூச்சுவிடவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ராகுகாலத்துல தாலி கட்டினா வேற என்ன ஆகும்" என்று பேசிக்கொண்டார்கள். அப்பா பக்கத்தில்தான் நின்றார். வழக்கம்போல மல்லுக்கு நிற்பார் என்று பார்த்தேன். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கக்கூடும், அதில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அப்பா அதைச் சட்டமாக்கி, அதற்குத் திருத்தங்களும் கொண்டுவந்தார். வாளி கூடாது. குக்கர் கூடாது. பூரிக்கட்டை கூடாது. கடைசியில் தலையணைக்கு உறை மாட்டுவதும் கூடாது என்று ஆனது. பஸ்ஸில் அம்மாவின் இடப்பக்கம் யாரும் இடிக்காதபடி சுவராக நிற்பார். தெருவைத் தாண்டும்போது வலது கையைத்தான் பிடிப்பார். "கைக்கு ஒரு வாட்ச்மேன் போட்டாச்சு" என்று அத்தை கிண்டல் செய்தாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அப்பா வேலைக்குப் போனதும் மாவுப் பாத்திரத்தை இடது கையால் மெல்லத் தூக்கிப் பார்ப்பாள்.

இப்படியிருக்கையில் அம்மா ஒருநாள் ஒரு சேதியோடு வந்தாள். தன்னைப்போலப் பிழைத்து எழுந்த பெண்களைச் சேர்த்து, முக்கொம்புக்கு மேலே காவிரித் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் படகில் துடுப்புப் போடப் பழக்கப்போகிறார்களாம். ஞாயிறுதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு.

"பொத்திப் பொத்தி வச்சாத்தான் கை இறுகிப்போகுமாம். டாக்டரம்மாவே போங்கன்னுட்டாங்க" என்றாள்.

நீச்சல் தெரியாதே என்றார் அப்பா. லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்களாம். அவ்வளவு தூரம் எப்படிப் போவது? பஸ் இருக்கிறது. அப்பாவின் பார்வை சுவரில் அலைந்து தினசரிக் காலண்டரில் நின்றது.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணின்னா ராகுகாலம்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா சிரிக்கவில்லை. அவர் அருகில் போய் நின்றாள்.

"நம்ம கல்யாணமும் அந்த நேரத்துலதாங்க நடந்துச்சு. அதனால எனக்கு ஒரு கொறையும் வரல. நீங்க அதையெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க."

அப்பா எழுந்து போய் வெகுநேரம் முகம் கழுவினார். மறுநாள் வந்த அத்தையிடம், ஆதரவு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ராகுகாலத்தைப் பற்றிச் சொன்னார். தன் வாழ்நாளில் ராகுகாலத்தில் ஒரு முழம் பூகூட வாங்காத அத்தை, "ரங்கநாதரே தண்ணிக்கு நடுவுலதாண்டா படுத்திருக்கார். அவ போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். கட்சி மாறிப் பேசிய இருவரையும் பார்த்து எனக்குத் தலை சுற்றியது.

அம்மா கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அப்பா ஃபிளாஸ்க்கும் துண்டுமாகப் பின்னாலேயே போனார். ஆரம்பத்தில் அந்தப் படகு செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியதாம். ஒருத்தி துடுப்பு இன்னொருத்தி முதுகில் இடிக்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்ததாக அம்மா சொன்னாள். அப்பா அதையே சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பே இருக்காது.

மழைக்காலம் வருவதற்குள், வீட்டார் எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று ஒரு ஞாயிறு அழைத்தார்கள். நானும் அத்தையும் போனோம். நடு ஆற்றுத் திட்டுவரை போய்த் திரும்ப வேண்டும். பயிற்சி கொடுத்த பெண் குரல் கொடுக்க, துடுப்புகள் ஒன்றாக இறங்கி ஒன்றாக எழுந்தன. அம்மாவின் முகத்தில் நான் மறந்தே போயிருந்த ஒரு முறைப்பு இருந்தது. என்னை வீட்டுப்பாடம் எழுத உட்கார வைக்கும்போது வருகிற அதே முறைப்பு. எனக்கு அழுகையாக வந்தது. அப்பா படகைப் பார்க்கவில்லை, அம்மாவின் இடது கையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார்.

படகு கரைக்கு வந்ததும் அப்பா செருப்போடு தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டினார். அம்மா எழுந்து நின்று அவரிடம் இடது கையை நீட்டினாள். வலது கை சும்மாதான் இருந்தது.

"அம்மா, அந்தக் கை இல்ல" என்று கரையிலிருந்து கத்தினேன்.

அம்மா கையை மாற்றவில்லை. அப்பா கொஞ்சநேரம் அசையாமல் நின்றார். பிறகு அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார். அம்மா தன் பாரம் முழுவதையும் அதில் போட்டு ஏறி வந்தாள்.

அவசரத்தில் அம்மா கையை மாற்றி நீட்டிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். நான் கத்தியது அப்பாவின் காதிலும் விழவில்லை போலிருந்தது. பஸ் நிற்கும் இடம்வரை அந்தக் கையை அவர் விடவே இல்லை.