ஆமை கிணற்றில் விழுந்த சாயங்காலம்

என் மகள் எங்களிடம் கோவில்பட்டித் தமிழ் பேசுவாள். மற்ற குழந்தைகளிடம் கார்ட்டூன் தமிழ் பேசுவாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிறந்து வளர்ந்தது புனேயில். தமிழ் பேசுகிற பிள்ளைகளை அவள் பார்த்த ஒரே இடம் டிவிதான். ஒரு முயல், ஓர் ஆமை, குடையைப் பிடித்துக்கொண்டு பறக்கிற ஒரு நரிக்குட்டி. மூன்றும் சேர்ந்து தினமும் ஒரு சாகசத்துக்குக் கிளம்பும். டப்பிங்கில் அவை பேசுவதுதான் நண்பர்கள் பேசும் முறை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அவளுக்கு ஆறு வயதானபோது எங்களுக்குச் சென்னைக்கு மாற்றல் கிடைத்து, சென்னீர்குப்பத்தில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தோம். மறுநாளே கீழே இறங்கிப் போனாள். பார்க்கிங்கில் நாலைந்து பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் பால்கனியில் துணி காயப்போட்டபடி ஒரு காதைக் கீழே வைத்திருந்தேன்.

"வணக்கம் நண்பர்களே! நானும் உங்கள் விளையாட்டில் கலந்துகொள்ளலாமா?"

பந்து நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி கீழ்வீட்டுப் பெண். எட்டு வயதிருக்கும். அவள் அப்பா பூந்தமல்லி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி இது, டிவி கணக்கா பேசிக்கினு கீது?"

என் மகளாவது சும்மா இருந்தாளா? "அடடா! உங்கள் பந்து எவ்வளவு அற்புதமாக இருக்கிறது!" என்றாள். அன்றைக்கே அவளுக்கு 'டிவி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் தலை தெரிந்தாலே, "டிவி வருது, வால்யூம கொறடா!" என்று ஒரு கூச்சல்.

அதோடு கீழே போவதை நிறுத்திவிட்டாள். பால்கனிக் கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நிற்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் சண்டைக்கா போக முடியும்? ஊரிலிருந்து வந்த கடலைமிட்டாயைப் பார்க்கிங்கில் விநியோகித்தேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று வாங்கித் தின்றுவிட்டு ஓடிவிட்டார்கள். கேபிளை வெட்டிவிடப் போகிறேன் என்று ஒரு நாள் குதித்தேன்.

"அதையும் பிடுங்கிட்டா அவ யார்கூடப் பேசுவா?" என்றார் என் வீட்டுக்காரர். ரிமோட்டை மகள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அந்தச் சாயங்காலம், வழக்கம்போல ஆறு மணிக்கு எல்லா வீட்டிலிருந்தும் அதே கார்ட்டூனின் பாட்டு கேட்டது. என்னதான் கேலி செய்தாலும் எல்லாப் பிள்ளைகளும் பார்ப்பது அதைத்தான். ஆமை ஒரு பாழுங்கிணற்றில் விழுந்தது. முயல் எட்டிப் பார்த்து அழுதது. நரிக்குட்டி குடையை விரித்தது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் 'டொம்' என்றது. கரண்ட் போய்விட்டது.

எங்களுடையது ஜெனரேட்டர் எல்லாம் இல்லாத சின்ன ஃப்ளாட். பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டே மாடிப்படிக்கு ஓடிவந்தார்கள். நானும் கதவைத் திறந்து வாசலில் வந்து நின்றேன். அதில் ஒரு பொடியன், "ஆமை செத்துடுமா?" என்று உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். என் முதுகுக்குப் பின்னாலிருந்து நரிக்குட்டியின் கீச்சுக்குரல் வந்தது.

"கவலைப்படாதே குட்டி நண்பா! என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது!"

என் மகள்தான். இப்போது சிரிப்பார்கள், இவள் இனி வாசலுக்குக்கூட வரமாட்டாள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கீழ்வீட்டுப் பெண் படியில் உட்கார்ந்து, "இன்னா திட்டம்?" என்றாள்.

மகள் சொல்ல ஆரம்பித்தாள். ஆமைக்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல், கிணற்றுக்குக்கூட ஒரு குரல். குடை காற்றில் திரும்பிக்கொண்டது. கயிறு எட்டவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பையன், "ஆன்ட்டி, உங்க போன்ல போடுங்களேன், பாத்துர்லாம்" என்றான்.

"சார்ஜ் இல்லப்பா" என்றேன். முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. போனை நைட்டி பாக்கெட்டுக்குள் ஆழமாகத் தள்ளினேன். குலதெய்வம் என்னை மன்னிக்கட்டும்.

கதையில் நரிக்குட்டி பூந்தமல்லி ரோட்டுக்குப் பறந்து ஒரு பஞ்சர் கடையில் இறங்கியது. பழைய சைக்கிள் டியூபையெல்லாம் முடிச்சுப் போட்டால் நீளக் கயிறு ஆகுமாம்.

"எங்கப்பா கடையா?" கீழ்வீட்டுப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஆமாம் தோழியே!"

"எங்கப்பா குட்ப்பாரு. லாரி டியூப்பு கூட குட்ப்பாரு!"

ஆமை பாதிக் கிணறு ஏறியபோது கரண்ட் வந்தது. எல்லா வீட்டு டிவியும் ஒரே நேரத்தில் அலறின. பிள்ளைகள் எழுந்து ஓடப்போகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டேன். ஒருவரும் அசையவில்லை. கீழ்வீட்டுப் பெண் மட்டும் எரிச்சலோடு திரும்பினாள்.

"கதவ சாத்துங்க ஆன்ட்டி, இவ சொல்றது கேக்கல."

சாத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கதவையும் சாத்தியதில்லை.

மறுநாள் சாயங்காலம் காலிங்பெல் அடித்தது. வாசலில் கீழ்வீட்டுப் பெண் கோபத்தோடு நின்றாள். "ஆன்ட்டி, காலீல டிவில அதையே மறுபடியும் போட்டான். எல்லாம் ஆமை கண்ட கனவாம்! சுத்த டுபாக்கூரு. இவ சொன்னதுதான் நெசம்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, என் இடுப்பைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வணக்கம் நண்பியே! சாகசத்துக்குத் தயாரா?"

உள்ளேயிருந்து என் மகள் கத்தினாள்.

"இருடி, செருப்பு மாட்டிக்கினு கீறேன்!"

"போச்சு, கோவில்பட்டித் தமிழும் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"போகட்டும்" என்றேன். மகள் ஓடுவதற்கு வழிவிட்டுக் கதவை அகலத் திறந்தேன்.