எடுக்காத சீட்டு

இது நடந்தது. திண்டுக்கல் நாகல்நகரில், பட்டப்பகலில், போன வருஷம் ஆவணி மாதத்தில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அறிவுச்செல்வி என்னிடம் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

அவளுக்கு வேலை, போனில் டாரட் சீட்டுப் பலன் சொல்வது. ஒரு ஆப் நடத்துகிறவர்கள் மூன்று வாரம் பயிற்சி கொடுத்து, எழுபத்தெட்டு சீட்டுகளையும் வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். கூப்பிடுகிறவரின் பெயரும் ஊரும் மட்டும்தான் திரையில் தெரியும். சீட்டுக்கட்டைக் கலைத்து, ஒன்றை உருவி, படத்தைப் பார்த்துப் பலன் சொல்ல வேண்டும். மாடி அறையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு முப்பது பேருக்குச் சொல்வாள். பெரும்பாலும் கல்யாணம், வேலை, பிரிந்துபோன காதல்.

அன்று செவ்வாய்க்கிழமை. மணி 2.17. தட்டில் பாதிச் சோறு இருந்தது. போன் அடித்தது. சிவனம்மாள், ஆத்தூர்.

"வீட்டுக்காரருக்குக் காலையிலேருந்து நெஞ்சை அடைக்குது தாயி. வேர்த்து ஊத்துது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குறாரு. ஒரு சீட்டு எடுத்துச் சொல்லு. கூட்டிட்டுப் போகவா, வேண்டாமா?"

உடம்பைப் பற்றிக் கேட்டால் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட வேண்டும். பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தம்மா பேச்சை வளர்ப்பார். அறிவுச்செல்வியின் வலது கை முழுக்க ரசம். சீட்டுக்கட்டு அலமாரியில். அவள் எழுந்திருக்கவே இல்லை.

சூரியன் சீட்டு வந்திருக்கிறது, இருப்பதிலேயே நல்ல சீட்டு, வாயுவாகத்தான் இருக்கும், பொழுது சாய்வதற்குள் சரியாகிவிடும் என்று சொன்னாள். அந்தம்மா, நீ நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டு வைத்தார்.

மறுநாள். மணி 2.17. திரையில் அதே பெயர்.

ஆனால் பேசியது ஒரு ஆண். கணீரென்ற குரல். காதோடு வாயை வைத்துப் பேசுவதுபோல...

"சீட்டு எடுக்கலையே தாயி."

யாரென்று கேட்டாள். பின்னால் காற்று, காக்கை, எந்தச் சத்தமும் இல்லை. ஏழு விநாடியில் அழைப்பு அறுந்தது. சீட்டு எடுக்காதது அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை அழைப்பு இருந்தது. இது இல்லவே இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயம் ஒரு பக்கம். அந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லையே... அதுதான் அவளைக் குடைந்தது.

வியாழக்கிழமை ஆப்பை அழித்தாள். போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

2.17.

அணைத்த போன் அடித்தது.

அவள் தொடவில்லை. ஆனாலும் குரல் வந்தது.

"சீட்டு எடுக்கலையே..."

அலமாரிக்கு ஓடினாள். கட்டைப் பிரித்தாள். பாதிச் சீட்டுகள் தரையில் சிதறின. ஒன்றை உருவினாள். திருப்பப் போனாள்...

"இப்ப எடுத்து என்ன தாயி?"

அதோடு நின்றது.

வெள்ளிக்கிழமை காலை 8.40க்கு ஆத்தூர் பஸ் ஏறினாள். பெயரைச் சொன்னதும், பூந்தோட்டத்தை ஒட்டிய வீட்டைக் காட்டினார்கள். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. சிவனம்மாளின் கணவர் பொன்னுத்துரை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இறந்திருந்தார்.

அறிவுச்செல்வி ஒன்றையும் மறைக்கவில்லை. எழுந்திருக்காமலே சூரியன் என்று பொய் சொன்னதைச் சொன்னாள். அடி விழும் என்று தலையைக் குனிந்து நின்றாள். விழவில்லை. போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன், அவரும் கேட்டார், கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தார் என்றார் சிவனம்மாள்.

"கார் வரச் சொல்லியிருந்தேன். நீ சொன்னதுக்கப்புறம் வேண்டாம்னுட்டேன்."

அறிவுச்செல்வி அழுதுகொண்டே, பிறகு வந்த இரண்டு அழைப்புகளையும், அந்த ஆள் பேசியதையும் சொன்னாள்.

சிவனம்மாள் அவளைப் பந்தலுக்குள் உட்கார வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பொன்னுத்துரைக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சாகும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

பக்கத்தில் வந்து அறிவுச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக குரலு எப்படி இருந்துச்சு தாயி? எனக்கே மறந்துபோச்சு."