பேச்சிலிருந்து எடுத்த மரம்

ஃபேஹீனுக்கு ஆங்கிலம் வந்தது கால்வே நகரத்து மரக்கிடங்கில். பலகை சுமந்து, அறுத்து, அடுக்கி, திட்டு வாங்கிக் கற்ற ஆங்கிலம். கண் மங்கி அந்த வேலை போனதும் தன் தீவுக்குத் திரும்பினான். அங்கே பெரும்பாலோருக்கு ஐரிஷ் மட்டுமே தெரியும் என்பதால், எதிர்க்கரை நீதிமன்றத்தில் அவனை மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டார்கள்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு கப்பல் உடைந்து, கரையெல்லாம் மரம் ஒதுங்கியது. கடலோரக் காவல் அதிகாரி மணலில் நின்று, யாரும் எதையும் தொடக் கூடாதென்று ஆங்கிலத்தில் ஆணை படித்துவிட்டுப் போனார். சில நாளில் தீவுக்காரன் மக்தாராவின் வீட்டுக் கூரையில் புது உத்தரம் ஏறியது. அதைப் பிடுங்கினால் கூரை இறங்கிவிடும். உள்ளே அவன் மனைவி நிறைமாதம்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. ஆணையைக் கேட்டாயா என்றார் நீதிபதி. மக்தாரா தொப்பியைக் கசக்கிக்கொண்டு, கேட்டேன், ஆனால் அதிலிருந்து ஐமத் எதுவும் எடுக்கவில்லை என்றான். ஐமத் என்றால் மரம். மரத்தோடே காலம் கழித்த ஃபேஹீன் யோசிக்கவில்லை.

"மரம் எதுவும் எடுக்கலன்னு சொல்றாருங்கய்யா."

உத்தரத்தை நேரில் பார்த்திருந்த அதிகாரி சிரித்தார். திருட்டோடு பொய்யும் சேர்ந்தது என்று நீதிபதி பேனாவை எடுத்தார்.

ஃபேஹீனுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்ன வார்த்தையை மாற்றுகிற மொழிபெயர்ப்பாளனை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் கூடவே உறைத்தது.

"ஐயா, தப்பு என்னோடது. அந்தப் பேச்சு தனக்குப் புரியலன்னுதான் அவர் சொன்னாரு."

"பேச்சில் ஏதய்யா மரம்?"

"எதை வச்சு ஒண்ணைச் செய்யறமோ, அந்தப் பொருளுக்கே முன்னாடி ஐமத்னுதான் பேருங்க. வீடு கட்டக் கட்டை வேணும், அதனால அந்தப் பேரு கட்டையோட ஒட்டிக்கிச்சுன்னு நினைக்கிறேன். பேச்சுல மட்டும் பழையபடிதான். அதுலேர்ந்து ஐமத் எடுக்கலன்னா பொருள் விளங்கலன்னு அர்த்தம்."

ஊர்க்காரனுக்காகக் கதை கட்டுகிறான் என்றார் அதிகாரி. வாசலில் நின்ற காவலர் தொண்டையைச் செருமினார்.

"அவர் சொல்றது சரிதாங்கய்யா. எங்கம்மா என்னைத் திட்டுறதே அப்படித்தான். உன் பேச்சுல ஒரு ஐமத்தும் இல்லடாம்பாங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். ஆணை புரியாதவன் ஆணையை மீறினான் என்று சொல்ல முடியாது. உத்தரம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். இனி ஆணையை ஐரிஷிலும் படிக்கும்படி அதிகாரிக்குச் சொன்னார்.

அடுத்த விசாரணைக்கு மொழிபெயர்க்க வேறு ஊரிலிருந்து ஆள் வந்தான். ஃபேஹீன் கடற்பாசி வாரப் போனான். கண் அதிகம் தேவைப்படாத வேலை.