கடல் மட்டத்தை எழுத மறுத்த மகள்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ் புறப்படும்போது காலை எட்டு மணி. என் பக்கத்தில் ஏழு வயது மகள் மதி, அவள் மடியில் புதுக் கொப்பி. விடுமுறையில் ஒரு பயணம் போய், கற்றதையெல்லாம் எழுதிவர வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் கெஞ்சி வாங்கிய ஒரு நாள் லீவு இதற்கே போனது.

கொட்டகலை வருவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "எழுது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது."

"நான் கடலையே பாத்ததில்லையேம்மா. எப்படி எழுதுறது?"

டெவன் நீர்வீழ்ச்சி வந்தது. கண்ணாடியைத் துடைத்துக் காட்டினேன். வெளியே வெறும் பனிமூட்டம். 'ஒன்னும் தெரியல' என்று எழுதினாள். சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்கும் அதே வரி. தலவாக்கலையில் பென்சில் முனை உடைந்தது. பென்சில் சீவ யாரிடமாவது கூர்தீட்டி இருக்கிறதா என்று கேட்டு, ஓடும் பஸ்ஸில் சீட்டு சீட்டாகப் போய் வந்தாள். எனக்குத் தலை வலித்தது.

லிந்துலையில் துணிப்பையோடு ஒரு பெண் ஏறி, எங்கள் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார். மதி விடவில்லை.

"ஆன்ட்டி, உங்க வீடு எங்க இருக்கு?"

"இப்ப இல்ல பாப்பா. மழையில மண்ணு சரிஞ்சு லயத்து வரிசை வீடெல்லாம் போயிருச்சு. தங்கச்சி வீட்டுல இருக்கோம்."

நான் மதியின் தொடையைக் கிள்ளினேன். அவளோ, "ஓடி வரும்போது என்ன எடுத்துட்டு வந்தீங்க?" என்றாள்.

"மதி! பேசாம இரு."

"கேக்கட்டும் விடுங்கக்கா. எல்லாரும் என்ன போச்சுன்னுதான் கேட்டாங்க." அவர் மதியின் பக்கம் திரும்பினார். "கோழியத் தூக்கிட்டு ஓடுனேன். அடையில இருந்த கோழி. முட்டைய விட்டுட்டேன். தங்கச்சி வீட்டு மூலையெல்லாம் போயிப் போயித் தேடுச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னவர், சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"கோழிக்குப் பேரு என்ன?" என்றாள் மதி.

"பேரெல்லாம் வைக்கலையே. நீயே ஒன்னு வையி."

நானுஓயா வரை இருவரும் பெயர் தேடினார்கள். ராணி என்று முடிவானது. அவர் அங்கே இறங்கி, சன்னல் வழியே மதியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். இந்தப் பாதையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் நேரம் கேட்டதைத் தவிர வேறொன்றும் கேட்ட ஞாபகம் இல்லை.

நுவரெலியாவில் நல்ல மழை. வாவியையும் பூங்காவையும் குடைக்கு அடியிலிருந்து காட்டினேன்; அவளுக்கு அதில் அக்கறையே இல்லை. தேநீர்க் கடைக்குள் ஒதுங்கியதும் கொப்பியை விரித்தாள். எழுதி முடித்ததை நான் வாங்கி வாசித்தேன்.

'கோளிய தூக்குனா முட்டயையும் தூக்கனும். இல்லனா அது தேடும். அம்மா பேசாம இருனு சொன்னாங்க. ஆன்ட்டி கேக்கட்டும்னு சொன்னாங்க.'

கடல் மட்டம் இல்லை. நீர்வீழ்ச்சியின் உயரம் இல்லை. ஆனால் அதில் நான் இருந்தேன்.

"இத டீச்சர் வாசிப்பாங்கடி. அம்மா சொன்னத அழி."

"நீங்க சொன்னீங்கதானே?"

சொன்னேன்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாதாடத் தெம்பில்லாமல், 'கோளி' என்பதை மட்டும் 'கோழி' என்று திருத்தச் சொன்னேன்.

"ஏன்?" என்றாள்.