ஒரு பூனை, இரண்டு சீட்டு

முப்பத்தோரு வருஷம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் செய்த தவறுகளில் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியது இது ஒன்றுதான். புதிதாகப் பணிக்கு வரும் டாக்டர்கள் படித்துவிட்டு என்னைக் கேலி செய்தாலும் பரவாயில்லை, இதே தவறைச் செய்யாமல் இருந்தால் போதும்.

1. பதினொரு டெஸ்ட்

கடைசி ஐந்து வருஷம் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சிறிய மருந்தகத்தில் இருந்தேன். திருப்பாலைவனம் பக்கத்து நெல் விவசாயிகள் மாடு ஓட்டி வருவார்கள். குப்பத்துப் பெண்கள் ஆட்டையும் கோழியையும் தூக்கி வருவார்கள். பூனையை மட்டும் யாரும் கொண்டுவர மாட்டார்கள். மீன் இறங்கும் ஊரில் பூனை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அங்கே பொதுவான அபிப்பிராயம்.

அதனால் நண்டு ஏலம் எடுக்கும் தேவகி ஒரு கூடையைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தபோது, உள்ளே கோழி இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கூடையின் வாயில் இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள்.

"இன்னா இது?"

"ஏட்டு" என்றாள்.

பிரித்தால் ஒரு பழுப்பு நிறக் கடுவன் பூனை. ஒவ்வொரு படகும் கரைக்கு வந்ததும் முன்னால் போய் உட்காருவானாம். ஒரு மீன் கைமாறும்வரை நகர மாட்டானாம். அதனால் போலீஸ் ஏட்டு என்று பெயர். வயதைக் கேட்டேன்.

"எங்க சேகரு பத்தாவது ஃபெயிலான வருஷம் பொறந்துது. பதினாலு ஆவுது."

ஏட்டு எலும்பும் தோலுமாக இருந்தான். எடை இரண்டரைக் கிலோ.

"எதுவுமே துன்ன மாட்டேங்குது டாக்டரம்மா. மடவை மீனு வச்சா மோந்து பாத்துட்டு போயிடுது. தண்ணி மட்டும் குடம் குடமா குடிக்குது. மூத்திரமா போவுது. அண்டை வூட்டு வலை மேலல்லாம் போயி வச்சிட்டு வர்து."

அதற்குள் அவள் போன் அடித்தது. மகன் சேகர். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். போனை என்னிடம் நீட்டினாள்.

"மேடம், நான் நெட்ல ஃபுல்லா படிச்சிட்டேன். வயசான பூனைக்கு இன்னின்ன டெஸ்ட் எடுக்கணும்னு போட்டிருக்கு. வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன். எல்லாத்தையும் எடுத்துடுங்க."

பார்த்தேன். முழு ரத்தம், கிட்னி, லிவர், சுகர், தைராய்டு, யூரின், எக்ஸ்ரே, ஸ்கேன், எக்கோ, பிரஷர், வைரஸ். மொத்தம் பதினொன்று.

"ஏன் சார், ஏட்டையும் உங்க துறைமுகத்துல வேலைக்கு சேர்க்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அம்மா வளர்த்த பூனை சாகக் கிடக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்திருக்காது.

என் மருந்தகத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப், ஒரு தெர்மாமீட்டர், ஒரு தராசு இருந்தன. மற்றதற்கெல்லாம் சென்னை. ஷேர் ஆட்டோ, பொன்னேரி பஸ், அதன் பிறகு ரயில். கூடைக்குள் கட்டிப்போட்ட கிழட்டுப் பூனைக்கு அந்தப் பயணமே ஒரு வியாதி. அதனால் கண்ணை மூடிக்கொண்டு பதினொன்றையும் எழுத என்னால் முடியவில்லை. வயசான பூனை மெலிந்து, நிறையத் தண்ணீர் குடித்தால் முதலில் மூன்று சந்தேகம் வரவேண்டும். கிட்னி, சுகர், தைராய்டு. இதில் தைராய்டு வந்த பூனை பேய்ப்பசியாகத் தின்னும். இவனோ தின்பதே இல்லை என்கிறார்கள். எனவே அதைப் பட்டியலிலிருந்து அடித்தேன். மூத்திரமும் கொஞ்சம் ரத்தமும் போதும் என்று முடிவு செய்தேன்.

கழுத்தைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். தலைப் பக்கம் கையைக் கொண்டுபோனதும் ஏட்டு என் கட்டைவிரலைக் கடித்துவிட்டான். போதும் என்று விட்டுவிட்டேன்.

2. உப்புக் கண்ணாடி

ரத்தம் எடுப்பது சுலபம். பூனையிடம் மூத்திரம் வாங்குவதுதான் வித்தை. மணலில் போனால் மணல் குடித்துவிடும். அவனுக்கு வலை என்றால் பிடிக்கும் என்று தேவகியே சொல்லியிருந்தாளே. ஒரு பிளாஸ்டிக் பேசினில் நன்றாகக் கழுவிக் காயவைத்த நைலான் வலைத்துண்டைப் போட்டு மூலையில் வைக்கச் சொன்னேன். நைலான் எதையும் உறிஞ்சாது. மறுநாள் காலை ஒரு சின்ன பாட்டிலைத் தேவகி பெருமையாகக் கொண்டுவந்தாள்.

"பதினாலு வருஷமா வலை மேல போவாதடானு தொரத்தி தொரத்தி அடிச்சிருக்கேன். நேத்து நானே வலைய வச்சிட்டு, போடா ராசா போடானு கெஞ்சினேன். என்னை ஒரு மாதிரி பாத்துது."

மூத்திரத்தின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். அதற்கான கருவி என்னிடம் இல்லை. பக்கத்து இறால் பண்ணை சூப்பர்வைசரிடம் குளத்துத் தண்ணீரின் உப்பைப் பார்க்கும் கண்ணாடி ஒன்று உண்டு. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே கோடு தெரியும். உப்புக்கு ஒரு அளவு, அடர்த்திக்கு ஒரு அளவு என்று இரண்டும் அதிலேயே போட்டிருக்கும். கேட்டதும் கொடுத்தார். எதற்கு என்று பிறகுதான் தெரிந்துகொண்டார். அதன் பிறகு அவர் அதைக் கழுவிய கழுவலைப் பார்க்க வேண்டும்.

மூத்திரம் தண்ணீர் மாதிரி இருந்தது. மருந்துக் கடையில் வாங்கிய சுகர் பட்டையில் நிறம் மாறவில்லை. ஆக, சுகர் இல்லை. பஸ்ஸில் சென்னைக்கு அனுப்பிய ரத்தத்தில் கிட்னி அளவு எல்லைக்கோட்டில் நின்றது. கிட்னிதான் என்று சீட்டில் எழுதினேன். கருவாடு கூடாது, உப்பு கூடாது, மீனை வெறுமனே அவித்துக் கொடுக்க வேண்டும், தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பசிக்கு ஒரு மாத்திரை. மூன்று வாரம் கழித்து வரச் சொன்னேன்.

பதினொன்றில் எட்டு ஒன்பதை மிச்சப்படுத்திய பெருமையில் அன்று கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்று நினைக்கிறேன்.

3. ராஜா

அடுத்த வாரம் கன்னியம்மா என்று இன்னொரு பெண் வந்தாள். கையில் கூடை இல்லை.

"எங்க ராஜாவுக்கு மருந்து குடு டாக்டரம்மா. துன்றான் துன்றான், அப்டி துன்றான். சட்டில மிச்சமே வைக்கிறதில்ல. ஆனா டெய்லி வாந்தி. ஒடம்புல ஒட்டவே மாட்டேங்குது."

"ராஜா யாரு?"

"பூனைதான். இஸ்துகினு வரலாம்னு பாத்தேன், பிறாண்டிட்டான்."

அன்று ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். வாசலில் நாற்பது ஆடு கத்திக்கொண்டு நின்றது. பூச்சியாக இருக்கும் என்று பூச்சி மாத்திரையும் வாந்திக்கு மருந்தும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். நோயாளியைப் பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன வாய் இது.

சொன்னபடி மூன்றாம் வாரம் ஏட்டு வந்தான். எடை இரண்டு கிலோ முந்நூறு. தேவகி அவனை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ சொன்னது எல்லாம் செஞ்சேன். அவிச்ச மீனத் தொடவே மாட்டேங்குது. போயிடுமா டாக்டரம்மா?"

சேகர் போனில், "இப்பவாச்சும் ஸ்கேன் எடுக்கலாமா மேடம்?" என்றார். குரலில் குத்தல் இருந்தது. அதற்கு நான் தகுதியானவள்தான். சென்னைக்குச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தேன். எதற்கும் ஒருமுறை ஏட்டு வீட்டில் எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் அந்தத் தெருவில் எனக்கு ஆடு பார்க்கும் வேலை இருந்தது.

4. சுவருக்கு அந்தப் பக்கம்

தேவகி வீட்டு முற்றத்தில் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் அவித்த மடவையைத் தட்டில் வைத்தாள். ஏட்டு மோந்து பார்த்தான். என்னையும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு முற்றத்தை இரண்டாகப் பிரித்திருந்த சிமெண்டுக் கல் சுவரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "வந்துட்டியாடா ராஜா? வா, வா."

எழுந்து சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கன்னியம்மா ஒரு சட்டி நிறைய இறால் தலையும் கருவாட்டுத் துண்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னுடைய கிட்னி நோயாளி சட்டிக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தான். சட்டி காலியானதும் இன்னும் வேண்டும் என்று கத்தினான்.

தேவகி அண்ணனையும் கன்னியம்மா தம்பியையும் கட்டிக்கொண்டவர்கள். புருஷன்கள் இன்றைக்கும் ஒரே படகில்தான் தொழிலுக்குப் போகிறார்கள். இவர்கள் மட்டும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் கேட்டதற்கு இரண்டு பேரும் இரண்டு காரணம் சொன்னார்கள். இரண்டும் எனக்குப் புரியவில்லை.

கைப்பையில் நான் வைத்திருந்த நகல் சீட்டு இரண்டு இருந்தன. ஒன்றில் ஏட்டு, பசியில்லை. இன்னொன்றில் ராஜா, பசி அதிகம். படித்துப் படித்து எனக்கு முகம் சுட்டது.

இருவரையும் சுவரின் ஓரத்துக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"வாந்தி எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா" என்றாள் கன்னியம்மா.

"ரெண்டு மாசமா வாந்தி எடுக்குறத என்கிட்ட இன்னாத்துக்கு சொல்லலனு அவள கேளுங்க டாக்டரம்மா."

"பூனை யாருதுனு முதல்ல அவங்கள கேளுங்க டாக்டரம்மா."

"பூனைய நானே கேட்டுக்கறேன்" என்றேன். கன்னியம்மா பக்கம் போய், பூனையைத் துண்டில் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். இந்தமுறை கடிக்குப் பயப்படாமல் தொண்டையின் இரு பக்கமும் விரலை மெதுவாக இறக்கினேன். இடது பக்கம் பயறு அளவில் ஒரு கட்டி வழுக்கியது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இதயம் எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

தைராய்டு. நான் அடித்துவிட்ட பெயர். சேகரின் பதினொன்றில் அது ஐந்தாவதாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து ரத்தம் எடுத்தேன். தைராய்டு, கூடவே கிட்னி. இரண்டுக்கும் ஒரே ஊசி. பூனை ஊரைவிட்டு நகரவில்லை, பாட்டில் மட்டும் ஐஸ் டப்பாவில் பஸ் ஏறியது. சேகருக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நெட்ல போட்டது கரெக்டுதான மேடம்?"

"பதினொன்னுல ஒண்ணு கரெக்டு சார். பத்தாவதுல அந்த மார்க்குக்கு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

இந்த முறை சிரித்தார்.

5. மாத்திரை யார் முறை

தைராய்டு எகிறியிருந்தது. மருந்து மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான், அளவு சிறியது. காலையும் மாலையும் தவறாமல் கொடுக்க வேண்டும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஏட்டு காலையில் எந்த வீட்டில் இருப்பான், மாலையில் எங்கே இருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. இருவரும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். இருவரும் கொடுக்காமல் விட்டால் பழைய கதை. பேசிக்கொள்ளவும் மாட்டார்கள்.

சுவர் மேல் ஒரு ஆணி அடித்து, அதில் வலை மிதவை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிடச் சொன்னேன். காலை மாத்திரை கொடுத்தவர் அதைத் தேவகி பக்கம் தள்ள வேண்டும். மாலையில் கொடுத்தவர் கன்னியம்மா பக்கம் தள்ள வேண்டும். மீன் சதைக்குள் மாத்திரை வைத்துக் கொடுப்பதை இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே விஷயத்தை, ஒரே சுவரின் இரண்டு பக்கம் நின்று, இரண்டு தடவை.

பத்து நாள் சரியாக நடந்தது. பதினோராம் நாள் அடித்த காற்றில் மிதவை கயிறோடு போய்விட்டது. அன்று மாலை நடந்ததைப் பிறகு தேவகிதான் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்ததாம்.

"ஏய், மாத்திரை குடுத்தியா இல்லியா? வாயத் தொறந்து சொல்லேன்!"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. தேவகி, "ஏய்னு யாரடி கூப்புடுற?" என்று பதில் கொடுத்தாளாம். அங்கிருந்து இரவுச் சோறு ஆக்கும்வரை சண்டை. புருஷன்கள் நிம்மதியாக ஏரிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்களாம்.

சமாதானம் ஆகிவிட்டார்களா என்று கேட்காதீர்கள். தினமும் சண்டை போட்டார்கள். யார் அதிகம் தீனி போட்டது, யார் மாத்திரையை லேட்டாகக் கொடுத்தது என்று. ஆனால் மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. ஒரு மாதம் கழித்து எடை போட்டேன். மூன்று கிலோவைத் தொட்டிருந்தான். படகுத் துறையில் மறுபடியும் டூட்டிக்குப் போகத் தொடங்கினான். இரண்டு சீட்டையும் கிழித்துவிட்டு ஒரு சீட்டு எழுதினேன். பெயர், ஏட்டு என்கிற ராஜா. போலீஸ் ரெக்கார்டு மாதிரி இருக்கிறது என்று இருவரும் ஆட்சேபித்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

6. வேண்டாம் என்று சொன்னது

தைராய்டு வேகமாக ஓடும்போது கிட்னியின் கோளாறு மறைந்துகொள்ளும். தைராய்டை அடக்கியதும் அது தலை காட்டும். அதனால்தான் இப்படிப்பட்ட பூனைகளுக்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ரத்தம் பார்க்க வேண்டும். ஏட்டுக்கும் பார்த்தேன். கிட்னி மெல்ல மெல்ல இறங்கியது. தீனியை மாற்றினோம், தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினோம். ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தான்.

ஒரு காலை இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஒரே கூடை. ஏட்டு இரண்டு வீட்டிலும் தின்னாமல் நான்கு நாள் ஆகியிருந்தது. இரண்டு வீட்டிலும் என்பதை நான் இருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். வாயைத் திறந்தால் கிட்னி நாற்றம். என் கையை இந்த முறை கடிக்கவில்லை.

பழக்கத்தில் சிரிஞ்சைப் பிரித்துவிட்டேன். ரத்தம் எடுக்கலாம். ஓர் எண் வரும். அந்த எண் எதுவாக இருந்தாலும் நான் வேறு எதையும் செய்யப் போவதில்லை. சிரிஞ்சை மேஜையில் வைத்தேன்.

"இனிமே டெஸ்ட் வேணாம்" என்றேன். "வலி தெரியாம வச்சுக்கலாம். முடியலைன்னா ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வைக்கலாம். அதை நீங்கதான் சொல்லணும்."

தேவகி பூனையின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"ரொம்ப கஷ்டப்படுது" என்றாள் கடைசியில். "தூங்க வச்சிடு டாக்டரம்மா."

நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். பூனையைப் பற்றி அவள் மறுத்துப் பேசாத முடிவு என்று ஒன்றை நான் கண்டதில்லை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா சொல்றதுதான்" என்றாள்.

எந்த டெஸ்ட் எழுதுவது என்று இப்போதும் சில டாக்டர்கள் போனில் கேட்கிறார்கள். அந்தப் பூனைக்கு எத்தனை வீட்டில் சோறு என்று முதலில் கேளுங்கள் என்பேன். பிறகு கழுத்தைத் தடவிப் பாருங்கள். அதற்கும் பிறகு பேனாவை எடுத்து, வரப்போகும் விடை உங்கள் கையை எந்தப் பக்கம் திருப்பும் என்று யோசியுங்கள். எந்தப் பக்கமும் திருப்பாது என்றால் பேனாவை மூடிவிட்டு, எதிரே நிற்பவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி போடுங்கள்.